மண் ஆறுவதற்குள்

அக்டோபர் கடைசி வாரம், லண்டன், காலை ஏழரை மணி. இரவெல்லாம் மேகமே இல்லாமல் வானம் திறந்து கிடந்ததால் புல்நுனிகளில் வெள்ளையாக உறைபனி பிடித்திருக்கிறது. வேலியில் மாட்டிய வெப்பமானி 2 டிகிரி காட்டுகிறது. சமையலில் இறைச்சி வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கும் ஊசி வெப்பமானி ஒன்றைத் தோட்டத்துக்கென்றே வைத்திருக்கிறேன். அதைப் பாத்தியில் நான்கு அங்குலம் இறக்கிவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்கிறேன். 11 டிகிரி.

மேலே 2, கீழே 11. இலையுதிர் காலத்துத் தோட்ட வேலைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்பது டிகிரி வித்தியாசத்துக்குள்தான் நடக்கின்றன. இந்த நாட்டில் பலர் செப்டம்பர் முடிந்ததும் தோட்டக் கதவைச் சாத்திவிட்டு மார்ச்சில் திறக்கிறார்கள். செடியைப் பொறுத்தவரை அடுத்த ஆண்டு இப்போதே தொடங்கிவிட்டது. நமக்கு ஆடிப்பட்டம் எப்படியோ, இங்கே பூண்டுக்கும் துலிப்புக்கும் மரக்கன்றுக்கும் அப்படியொரு பட்டம் இது. வேருக்கு வேண்டிய சூடு மண்ணில் மிச்சம் இருக்கிறது. காற்று குளிர்ந்துவிட்டதால் இலைகள் தண்ணீர் கேட்பதில்லை. மண் முழுவதும் ஆறுவதற்குள் வேரை உள்ளே இறக்கிவிட வேண்டும்.

மண் ஏன் இப்படிப் பின்தங்குகிறது? 1837-இல் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ் இதை அளந்து பார்த்தார். நகரின் மூன்று இடங்களில் நீண்ட கண்ணாடி வெப்பமானிகளைப் புதைத்தார். ஓர் இடம் கால்ட்டன் குன்றின் பாறை, இன்னொன்று மணற்கல் குவாரி, மூன்றாவது ஒரு பரிசோதனைத் தோட்டத்தின் மணல்மண். ஒவ்வோர் இடத்திலும் 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி ஆழங்களில் ஒவ்வொரு வெப்பமானி. 24 பிரெஞ்சு அடி என்பது ஏறக்குறைய 7.8 மீட்டர். வாரம் தவறாமல் அளவெடுத்தார்கள்.

கோடையின் சூடு அலை அலையாக மண்ணுக்குள் இறங்குவது அந்த எண்களில் தெரிந்தது. ஆழம் கூடக் கூட அலை தேய்ந்தது, தாமதமும் ஆனது. எல்லாவற்றுக்கும் கீழே இருந்த கால்ட்டன் குன்று வெப்பமானியை அந்த ஆண்டின் உச்சச் சூடு எட்டியபோது மேலே மக்கள் குளிர்காலத்தின் நடுவில் இருந்தார்கள். பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் இந்த எடின்பரோ அளவுகளிலிருந்து பாறை வெப்பத்தைக் கடத்தும் வேகத்தைக் கணக்கிட்டு, அதைக் கொண்டு 1862-இல் பூமியின் வயதை மதிப்பிட்டார். ஏறத்தாழ 10 கோடி ஆண்டு என்றார். இன்று நாம் அறிந்திருப்பது 454 கோடி ஆண்டு. பூமியின் உட்புறம் பற்றிய அவருடைய அனுமானம்தான் பிழை. ஃபோர்ப்ஸின் அளவுகளில் குறையில்லை. ஒரு தோட்டத்து மண்ணில் எடுத்த குறிப்புகள் உலகத்தின் வயதைக் கேட்கும் அளவுக்குப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

தோட்டக்காரருக்கு வேண்டியது மேல் ஒரு மீட்டர்தான். அந்த ஆழத்துக்குக் கோடைச் சூடு போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கிறது. வேர் மண்டலத்தின் நாட்காட்டி நம் சுவர் நாட்காட்டிக்குச் சில வாரங்கள் பின்னால் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மண்ணுக்கு மேலே இருப்பவை வேறொரு கடிகாரத்தைப் பார்க்கின்றன. லண்டனில் ஜூனில் பதினாறரை மணி நேரம் இருந்த பகல், அக்டோபர் கடைசியில் பத்து மணி நேரத்துக்குச் சுருங்கிவிடுகிறது. பகலின் நீளத்தைச் செடி அளக்கிறது என்பதை 1920-இல் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும் ஒரு புகையிலை வகையைக் கொண்டு காட்டினார்கள். கோடையில் ஆள் உயரத்துக்கும் மேல் வளர்ந்தும் பூக்காமல் அடம்பிடித்த அந்தப் புகையிலை, பகலைச் சுருக்கி இருட்டறைக்குள் வைத்ததும் பூத்தது. தாவரவியல் பாடத்தில் ஒளிக்காலத்துவம் என்று படித்தோமே, அதன் தொடக்கம் அதுதான். வெப்பம் ஏமாற்றும், அக்டோபரில் ஒரு வாரம் வெயில் அடிக்கலாம். பகலின் நீளம் ஏமாற்றாது. அதனால் எங்கள் தெருவின் பல மரங்கள் இலையைக் கழிப்பதற்கான ஆயத்தத்தைக் குளிர் வரும் முன்பே பகலின் நீளத்தைப் பார்த்துத் தொடங்கிவிடுகின்றன.

இந்த நாட்டுக்கு நான் வந்த முதல் ஆண்டு, கும்பகோணத்திலிருந்து அம்மா வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். திரையில் என் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "ஏன்டி, மரமெல்லாம் பட்டுப்போச்சா?" என்றாள்.

"இல்லம்மா, தூங்கப் போகுது."

"தூங்குறதுக்கு எதுக்குடி இலையைக் கொட்டணும்?"

நல்ல கேள்வி. அகன்ற இலை என்பது சேமிப்பும் செலவும் சேர்ந்த உறுப்பு. கோடையில் அது சம்பாதிக்கிறது. குளிர்காலத்தில் வெளிச்சம் குறைவு, அதனால் வருமானம் சொற்பம். மண் உறைந்தால் வேரால் தண்ணீர் இழுக்க முடியாது, இலையோ ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். புயலும் பனிச்சுமையும் இலையோடு நிற்கும் கிளையைத்தான் முறிக்கும். எனவே மரம் இலையைக் கைவிடுகிறது. அதற்கு முன் அதைச் சுரண்டி எடுத்துக்கொள்கிறது. இலையில் இருக்கும் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலுமோ கிளைக்கும் பட்டைக்கும் திரும்பிப் போய்விடுகிறது. பச்சையம் உடைக்கப்படுகிறது. அது இருந்தவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் இப்போது கண்ணுக்குத் தெரிகின்றன. கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு குடும்பம்தான் அவை. சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியைப் பல மரங்கள் இந்தக் கடைசி நேரத்தில் புதிதாகச் செய்கின்றன. நாவல்பழத்துக்குக் கருநீலம் தருவதும் அந்தக் குடும்பமே. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைந்த ஆண்டுகளில் சிவப்பு தூக்கலாக இருக்கும்.

பிறகு இலைக்காம்பின் அடியில் மெல்லிய ஓர் அடுக்கு வேலையைத் தொடங்குகிறது. இலை நலமாக இருக்கும்வரை ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் காம்பு வழியாகக் கீழே வந்துகொண்டிருக்கும். அந்த வரத்துக் குறைந்ததும் அடுக்கின் செல்கள் எத்திலீனுக்கு இசைகின்றன. வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் அதே எத்திலீன். செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை கரைகிறது, இலை தன் எடையாலேயே விழுகிறது. அந்த இடத்தில் தக்கை போன்ற படலம் முன்கூட்டியே போர்த்திவைக்கப்பட்டிருக்கிறது. உதிர்ந்த இடத்தைத் தடவிப் பாருங்கள், வழவழவென்று ஆறிய தழும்புபோல் இருக்கும். அதற்கு மேலேயே அடுத்த ஆண்டின் மொட்டு உட்கார்ந்திருக்கும். அம்மாவுக்கு அந்த மொட்டைத்தான் கேமராவை நெருக்கிக் காட்டினேன்.

எங்கள் வாசலுக்கு எதிரே உள்ள மரத்தில் தெருவிளக்குக்கு நேர் கீழே இருக்கும் கிளை மட்டும் மற்றக் கிளைகள் மொட்டையான பிறகும் இலையோடு நிற்கிறது. இது புதிய செய்தி இல்லை. தெருவிளக்கு இலையுதிர்வைத் தாமதப்படுத்துவதை நியூயார்க் நகரத்து மரங்களில் கவனித்து எட்வின் மாட்ஸ்கே 1936-இலேயே எழுதிவிட்டார். தோட்டத்தில் அழகுக்காக இரவு முழுக்க விளக்கு எரியவிடுகிறவர்கள் செப்டம்பரிலிருந்தாவது அதை அணைத்துவையுங்கள். இலையை வைத்துக்கொண்டே கடும்பனியில் மாட்டும் கிளைக்கு அது நல்லதில்லை.

உதிர்ந்த இலையை என்ன செய்வது? பைகளில் கட்டிக் குப்பைக்கு அனுப்பும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. புல்தரையிலிருந்தும் குளத்திலிருந்தும் நடைபாதையிலிருந்தும் மட்டும் வாரிவிடுங்கள். புல் வெளிச்சமில்லாமல் மஞ்சளாகும், குளத்தில் இலை அழுகினால் நீரில் உயிர்வளி குறையும். வேலி ஓரத்திலும் புதருக்கு அடியிலும் விழுந்தது அங்கேயே கிடக்கட்டும். பொறிவண்டுகளும் முள்ளெலிகளும் அதற்குள்தான் குளிரைக் கழிக்கும். நவம்பர் 5 அன்று இந்த நாட்டில் சொக்கப்பனைபோலத் தீ வளர்ப்பார்கள். அதற்காகப் பல நாள் குவித்துவைத்த சுள்ளிக் குவியலுக்குள் முள்ளெலி புகுந்து படுத்திருக்கும். பற்றவைக்கும் முன் குவியலை வேறிடத்துக்கு மாற்றி அடுக்கிவிட வேண்டும். இது கட்டாயம்.

வாரிய இலையை நான்கு கம்பு நட்டுக் கம்பிவலை சுற்றிய கூண்டில் போடுகிறேன். நனைத்து, மிதித்து அமுக்கி, விட்டுவிடுகிறேன். அவ்வளவுதான் வேலை. சமையலறைக் கழிவோடு புல்லும் சேர்த்துப் போடும் மட்குக் குழியில் பாக்டீரியாக்கள் வேகமாகத் தின்று சூடு கிளப்பும், சில மாதத்தில் உரம் தயாராகும். மரம் தழைச்சத்தை உறிஞ்சி எடுத்துக்கொண்ட காய்ந்த இலையில் அந்தப் பாக்டீரியாக்களுக்குப் போதிய சாப்பாடு இல்லை. மிஞ்சியிருப்பது பெரும்பாலும் லிக்னினும் செல்லுலோஸும். லிக்னினை உடைக்கத் தெரிந்தவை பூஞ்சைகள். அவை அவசரப்படுவதில்லை, சூடு கிளப்புவதும் இல்லை. ஓராண்டில் அரைகுறையாகவும் இரண்டாண்டில் முழுதாகவும் மட்கும். தடித்த பிளேன் மர இலையும் குதிரைக்கொட்டை மர இலையும் இழுத்தடிக்கும். அவற்றைப் புல்வெட்டும் இயந்திரத்தை மேலே ஓட்டி நறுக்கிப் போட்டால் காலம் மிச்சம்.

இரண்டாண்டுக் கூண்டை இந்த வாரம் திறந்தேன். மேலே ஒரு கை அளவுக்கு இலை இலையாகவே இருந்தது. அதற்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிய தாள்கள்போல அடுக்கு, அடுக்குகளுக்கிடையே தும்பைப்பூ நிறத்தில் பூஞ்சை இழைகள். இன்னும் கீழே கையை விட்டால் கருப்பாக, பொலபொலவென்று, ஈரத்துணியைத் தொடுகிற குளிர்ச்சியோடு மட்கு. ஊரில் முதல் மழைக்கு எழும்பும் மண்வாசனை அதிலிருந்து வந்தது. வெறும் ஒப்புமைக்காகச் சொல்லவில்லை, பொருளே ஒன்றுதான். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் போன்ற நுண்ணுயிர்கள் செய்யும் ஜியோஸ்மின்தான் இரண்டிலும் மணக்கிறது. இலைமட்கில் உரச்சத்து சொற்பம். அதன் மதிப்பு தண்ணீரைப் பிடித்துவைப்பதிலும் மண்ணை நெகிழவைப்பதிலும் இருக்கிறது. லண்டன் களிமண் கோடையில் ஓடுபோல் வெடிக்கும், குளிர்காலத்தில் பிசினாக ஒட்டும். இந்த மண்ணுக்கு இதைவிட நல்ல மருந்தை நான் கண்டதில்லை.

இனி பூண்டு. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிவுக்குள் ஊன்றிவிட வேண்டும். பல்லைப் பிரித்து, கூர்ப்பக்கம் மேலே இருக்கும்படி, நுனிக்கு மேல் ஓரங்குலம் மண் மூடுமாறு, ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் ஆறங்குலம் விட்டு ஊன்றுகிறேன். ஏன் வசந்தத்தில் ஊன்றக் கூடாது? ஊன்றலாம், முளைக்கும், இலையும் விடும். ஆனால் போதிய குளிரைக் காணாத பூண்டு பல் பிரியாமல் உருண்டையாக ஒற்றைப்பூண்டாக நின்றுவிட வாய்ப்புண்டு. 10 டிகிரிக்குக் கீழே ஓரிரு மாதம் கிடந்தால்தான் உள்ளே பல் பிரிவதற்கான பக்கமொட்டுகள் ஒழுங்காக உருவாகும். தமிழ்நாட்டுச் சமவெளியில் பூண்டு விளையாமல் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் விளைவதற்கு இந்தக் குளிர்த் தேவை முக்கியக் காரணம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டின் சிறப்பில் அந்த மலைக்குளிருக்கும் பங்கு உண்டு.

குளிர் பட்டால்தான் அடுத்த கட்டத்துக்குப் போவேன் என்ற இந்த நிபந்தனையைப் பல செடிகள் வைக்கின்றன. 1918-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் கஸ்டாவ் காஸ்னர் குளிர்கால ரை தானியத்தில் இதை முறையாகக் காட்டினார். பாடநூலில் இதன் பெயர் தட்பப்பதனம். செடி குளிரை எப்படி நினைவில் வைக்கிறது என்ற கேள்விக்கு நம் காலத்தில் கிடைத்த விடை மிக அழகானது. இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஜான் இன்னஸ் மையத்தின் கரோலின் டீன் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றில் பல்லாண்டு ஆராய்ந்தார். அந்தச் செடியில் எஃப்.எல்.சி. என்ற மரபணு பூப்பதற்குத் தடைபோட்டுக்கொண்டிருக்கிறது. குளிர் நீடிக்க நீடிக்கத் தடை தளர்கிறது. விளக்கின் ஒளி மெல்ல மெல்ல மங்குவதுபோல ஒவ்வொரு செல்லிலும் அது குறைகிறது என்றுதான் யாரும் நினைப்போம். நடப்பது வேறு. ஒவ்வொரு செல்லும் அந்த மரபணுவை முழுதாக அணைக்கும், அல்லது எரியவே விடும். இடைநிலை இல்லை. ஒரு வாரக் குளிருக்குச் சில செல்கள் அணைக்கின்றன, நான்கு வாரத்துக்கு இன்னும் பல. ஊரில் ஒவ்வொரு வீடாக விளக்கணைவதுபோல. எத்தனை வீடு இருண்டிருக்கிறது என்பதுதான் குளிர்காலம் எவ்வளவு நீண்டது என்பதற்குச் செடியின் கணக்கு. அணைத்த செல் பிளந்து பிறக்கும் செல்களும் அணைத்தே பிறக்கின்றன. அதனால் அக்டோபரில் ஓர் இரவு குளிர்ந்துவிட்டு மறுபடி வெயில் அடித்தால் செடி ஏமாந்து பூப்பதில்லை.

துலிப் இன்னொரு வகை. ஒரு கிழங்கைப் பலி கொடுக்க மனமிருந்தால் அக்டோபரில் அதை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். வெங்காயம்போல் அடுக்கடுக்கான சதைக்கு நடுவே, அரிசியைவிடச் சற்றே பெரிதாக, வெளிறிய பச்சையில் ஒரு குருத்து நிற்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள், நடுவில் சூலகம் என்று ஏப்ரலில் பூக்க வேண்டிய பூ முழுதாகத் தெரியும். கோடையில் கிழங்கு சும்மா கிடந்ததாக நாம் நினைத்த நாட்களில் அது இதைச் செய்து முடித்திருக்கிறது. பூ தயார், அதைத் தூக்கி நிறுத்தும் தண்டுதான் குளிருக்குக் காத்திருக்கிறது. 9 டிகிரி அல்லது அதற்குக் குறைவான குளிர் 12 முதல் 16 வாரம் வேண்டும். அது கிடைக்காத துலிப்பின் தண்டு நீளாது. பூ மண்ணோடு மண்ணாக மலரும், அல்லது உள்ளேயே கருகும். மத்திய ஆசியாவின் மலைகளில் நீண்ட குளிரிலும் வறண்ட கோடையிலும் வளர்ந்த செடியின் பழக்கம் அது.

துலிப்பை எல்லாவற்றுக்கும் கடைசியாக நவம்பரில்தான் புதைக்க வேண்டும். முதல் ஆண்டு ஆர்வத்தில் செப்டம்பரிலேயே புதைத்தேன். ஏப்ரலில் பல குருத்துகள் முறுக்கிக்கொண்டு, வெந்நீர் கொட்டியதுபோல் புள்ளிபுள்ளியாக வெளியே வந்தன. பாட்ரைட்டிஸ் பூஞ்சை. மண் நன்றாகக் குளிர்ந்த பிறகு புதைத்தால் அந்தப் பூஞ்சை தொற்றும் வாய்ப்புக் குறையும். டாஃபடில் இதற்கு நேர்மாறு, அது சீக்கிரம் வேர்விடும், செப்டம்பரே சரி. இரண்டுக்கும் ஆழம் கிழங்கின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு. சாம்பல் அணில்கள் துலிப்பைத் தோண்டித் தின்னும், டாஃபடிலைத் தொடாது. அதில் லைகோரின் என்ற நச்சு இருக்கிறது. துலிப்புக்கு மேல் கம்பிவலை விரித்து மண் போடுங்கள்.

வெறுமையாகக் கிடக்கும் பாத்தியை மூடுவதை நான் மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் வைப்பேன். மண் இன்னும் சூடாக இருக்கிறதென்றால் அதற்குள் நுண்ணுயிர்களும் விழித்திருக்கின்றன. கோடைப் பயிரின் எச்சங்களைத் தின்று நைட்ரேட்டை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. எடுத்துக்கொள்ள வேர் இல்லை, மழையோ பிடித்துக்கொள்கிறது. நைட்ரேட் தண்ணீரோடு இறங்கிப் போய்விடும். லண்டனுக்கு வடக்கே ரோதாம்ஸ்டெட்டில் லாஸும் கில்பர்ட்டும் 1870-இல் மண்ணை இருந்தபடியே சுற்றிலும் சுவர் கட்டிப் பிரித்து, எருவிடாமல், எதையும் வளர்க்காமல், அடியில் வடியும் நீரைப் பிடித்து ஆராய்ந்தார்கள். எருவே காணாத அந்த வெற்று மண்ணிலிருந்தும் ஆண்டுக்கு ஆண்டு நைட்ரேட் ஒழுகிக்கொண்டே இருந்தது. செப்டம்பரில் ரை விதைத்தால் அதன் வேர் அந்தச் சத்தைப் பிடித்துவைத்து, வசந்தத்தில் மடக்கிவிடும்போது பசுந்தாள் உரமாகத் திருப்பிக் கொடுக்கும். அதற்குக் காலம் தாழ்ந்துவிட்டால் இரண்டங்குலம் மட்கு பரப்புங்கள். மழைத்துளி நேராகத் தாக்கி மேல்மண் இறுகுவதாவது தடைப்படும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மண்கட்டி இல்லாமல் வேரோடு விற்கும் மரக்கன்றுகள் நவம்பரில் கடைக்கு வரும். மார்ச் வரை நடலாம் என்பார்கள், நவம்பரிலேயே நட்டுவிடுங்கள். டேலியா மெக்சிகோவின் மேட்டுநிலத்துச் செடி. முதல் உறைபனியில் இலை கருகும்வரை அதைத் தொட வேண்டாம். கருகியதும் தண்டை வெட்டி, கிழங்கைத் தோண்டி, தண்டுக்குள் தேங்கிய நீர் வடியத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவையுங்கள். பார்ஸ்னிப் கிழங்கை அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். குளிர் படப்பட அது தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். டிசம்பர் பார்ஸ்னிப்பைச் சாம்பாரில் போட்டுப் பார்த்திருக்கிறேன், சர்க்கரைவள்ளி தோற்றுவிடும். காய்ந்த பூத்தண்டுகளை இப்போது வெட்ட வேண்டாம். விதை பறவைக்கு, பொந்து பூச்சிக்கு.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு. காற்று 3 டிகிரி, நான்கு அங்குல ஆழத்தில் மண் 6. பூண்டுப் பாத்தியில் ஈரமண்ணைத் தவிரக் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசி வரிசையில் ஒரு பல்லைச் சிறு கரண்டியால் சுற்றித் தோண்டி எடுத்தேன். மேல்நுனியில் அரை அங்குலத்துக்கு முளை, வெள்ளையும் பச்சையுமாக, இன்னும் மண்ணுக்குள்ளேயே. அடியில் பத்துப் பன்னிரண்டு வேர்கள், சேமியாப் பருமனில், என் ஆட்காட்டி விரலைவிட நீளமாக, நுனியில் களிமண்ணைக் கவ்விக்கொண்டு. ஒன்று அறுந்துவிட்டது. மிச்சத்தை அப்படியே குழிக்குள் இறக்கி, பிடி இலைமட்கு போட்டு மூடினேன்.